சொன்ன தொகையா, செலவழிந்த தொகையா? விபத்து, மருத்துவக் காப்புறுதியின் அடிப்படை

மானிப்பாயிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். காப்புறுதி முகவராகச் சேர்வதற்கான பரீட்சை அடுத்த மாதமாம். ஆயுள் காப்புறுதிப் பகுதி ஓரளவு பிடிபட்டுவிட்டது, விபத்தும் மருத்துவமும் வரும் இடத்தில்தான் தலை சுற்றுகிறது என்கிறார். "காத்திருப்புக் காலம், எக்செஸ், முன்பே இருந்த நோய், பங்களிப்பு எல்லாம் ஒன்றுபோலவே தெரியுது அண்ணா. இன்றைக்குப் பாடமாக்கினால் நாளைக்கு மறந்துபோகுது. அடிப்படையை ஒருக்கா விளங்கப்படுத்துவீங்களோ?"

தங்கச்சி, பாடமாக்கினால் மறக்கத்தான் செய்யும். கையேட்டில் இந்தச் சொற்களெல்லாம் அகரவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. எதற்காக அந்தச் சொல் வந்தது என்று அங்கே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, இப்போது புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். முதல் நாள் கொப்பியில் ஒரேயொரு கேள்வியை எழுதச் சொல்வேன்: இந்தப் பொலிசி தருவது சொன்ன தொகையா, செலவழிந்த தொகையா? மற்ற முக்கால்வாசியும் இந்தக் கேள்விக்குப் பின்னால் தானாக வந்து நிற்கும்.

உங்கள் ஊரிலும் ஒரு மரண சகாயச் சங்கம் இருக்கும். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தால் சங்கத்தார் வந்து, தீர்மானித்து வைத்த தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பந்தலுக்கு எவ்வளவு, பறை மேளத்துக்கு எவ்வளவு என்று பில் கேட்பதில்லை. லண்டன் மகன் ஏற்கெனவே காசு அனுப்பிவிட்டான், ஆகவே உங்களுக்கு இல்லை என்றும் சொல்வதில்லை. நிகழ்ச்சி நடந்தது, தொகை வந்தது. இதுதான் சொன்ன தொகை. கையேட்டில் இதை நன்மைத் தொகை ஒப்பந்தம் என்று போட்டிருப்பார்கள்.

இனி இன்னொன்று. அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போய் வருகிறீர்கள். பஸ் டிக்கெட்டையும் சாப்பாட்டுப் பில்லையும் காட்டினால்தான் காசு. காட்டியதற்கு மேல் ஒரு சதமும் வராது. அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். இதுதான் செலவழிந்த தொகை. நட்டஈட்டுக் கோட்பாடு என்று பெரிய பெயரில் வருவதும் இதுவேதான்: இழந்ததை நிரப்பலாம், இலாபம் பார்க்க முடியாது.

தனிநபர் விபத்துப் பொலிசி, ஆஸ்பத்திரியில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும் நாட்படி, மாரடைப்பு, புற்றுநோய் போன்றவை கண்டுபிடிக்கப்பட்டால் மொத்தமாகத் தரும் கடும்நோய்க் காப்புறுதி ஆகிய மூன்றும் முதல் வகை. ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி, அதாவது அறை வாடகை, சத்திரசிகிச்சை, மருந்து, பரிசோதனை என்று பில்லைப் பார்த்துக் கொடுப்பது இரண்டாம் வகை. காரணம் எளிது. ஓர் உயிருக்கோ கைக்கோ கண்ணுக்கோ விலை போட யாராலும் முடியாது. அதனால் முன்கூட்டியே ஒரு தொகையைப் பேசி வைக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பில்லுக்கு விலை தெரியும், அதனால் பில்லையே பார்க்கிறார்கள்.

இப்போது பாருங்கள், பரீட்சையில் ஆட்களை விழுத்தும் மூன்று விஷயங்கள் இதிலிருந்தே விளங்கும். ஒருவருக்கு இரண்டு விபத்துப் பொலிசி இருந்தால் இரண்டிலும் முழுத்தொகை கிடைக்குமா? கிடைக்கும், அது சொன்ன தொகை. இரண்டு ஆஸ்பத்திரிச் செலவுப் பொலிசி இருந்தால் ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டி இரண்டு மடங்கு எடுக்கலாமா? முடியாது, அது செலவழிந்த தொகை. இரண்டு கொம்பனியும் பகிர்ந்துதான் கொடுக்கும். இந்தப் பகிர்வுக்குத்தான் பங்களிப்பு என்று பெயர். பில் 300,000 ரூபா, ஒரு பொலிசியின் எல்லை 200,000, மற்றதன் எல்லை 400,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லைகளின் விகிதம் ஒன்றுக்கு இரண்டு. ஆகவே முதலாவது 100,000, இரண்டாவது 200,000. கொம்பனிகள் மூலப் பில்லைக் கேட்டு அடம்பிடிப்பதும் இதனால்தான். மூன்றாவது, பதிலுரிமை. உங்கள் வாடிக்கையாளரை வேறொருவரின் வாகனம் இடித்துவிட்டது, கொம்பனி சிகிச்சைச் செலவைக் கட்டிவிட்டது. கட்டிய தொகையளவுக்கு இடித்தவரிடம் கேட்கும் உரிமை கொம்பனிக்கு வந்துவிடும். தனிநபர் விபத்துப் பொலிசியில் அது வராது. அங்கே கொம்பனி கொடுத்தது நட்டஈடே அல்ல. அவர் கொம்பனியிடமும் எடுக்கலாம், இடித்தவரிடம் வழக்குப் போட்டும் எடுக்கலாம்.

சரி, விபத்துக்கு வருவோம். ஊரில் விபத்து என்றால் றோட்டில் நடப்பது. பொலிசியில் அது வரைவிலக்கணத்தோடு வரும்: வெளியிலிருந்து வந்த, திடீரென நேர்ந்த, எதிர்பாராத, கண்ணுக்குத் தெரிகிற வழியால் உடலுக்கு ஏற்பட்ட காயம், அந்தக் காயம் வேறு எந்தக் காரணத்தின் துணையும் இல்லாமல் தானாகவே மரணத்தையோ ஊனத்தையோ உண்டாக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலி. வயலில் பாம்பு கடித்தால்? வெளியிலிருந்து வந்தது, எதிர்பாராதது. பொதுவாக விபத்தாகவே எடுப்பார்கள். நுளம்பு கடித்து டெங்கு வந்தால்? அதுவும் வெளியிலிருந்து கடித்ததுதானே என்று வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. ஆனால் அது நோய், மருத்துவக் காப்புறுதியின் பக்கம். கிணற்றில் தவறி விழுந்தால் விபத்து. குதித்தால் இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்றும் கையேடுகளில் வரும்: வழி விபத்தா, விளைவு விபத்தா என்பது. சந்தையில் ஒருவர் வெங்காய மூட்டையைத் தூக்குகிறார். வழுக்கவில்லை, விழவில்லை. வழமைபோலத் தூக்கினார், முதுகெலும்பு பிடித்துக்கொண்டது. வழி விபத்தாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பொலிசியில் இதற்குக் காசு இல்லை, ஏனென்றால் தூக்கியது அவர் நினைத்துச் செய்தது. விளைவு எதிர்பாராததாக இருந்தால் போதும் என்று சொல்லும் பொலிசியில் கிடைக்கும். வாடிக்கையாளருக்கு எது நல்லது என்று கேட்டால் இரண்டாவது. அதை யோசிக்காமல் சொல்ல வேண்டும்.

இனி நான் விரும்பிப் படிப்பிக்கும் பகுதி, அண்மைக் காரணம். அண்மை என்றால் நேரத்தால் கிட்டியது என்று பாதிப் பேர் எழுதுவார்கள், பிழை. எது மற்றதையெல்லாம் ஓடவைத்ததோ, அந்த வலுவான காரணம்தான் அண்மைக் காரணம். 1909இல் இங்கிலாந்தில் தீர்ந்த எதரிங்டன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வேட்டைக்குப் போனவர் குதிரையிலிருந்து விழுந்தார், நனைந்தார், ஈரத்தோடேயே வீடு வந்தார், நிமோனியா கண்டு இறந்தார். கடைசிக் காரணம் நிமோனியா, அது நோய். ஆனாலும் விழுந்த விபத்துத்தான் அண்மைக் காரணம் என்று நீதிமன்றம் கொம்பனியைக் கட்ட வைத்தது. அதற்கு முன்னர் 1881இல் லோரன்ஸ் வழக்கு. புகையிரத மேடையில் நின்றவருக்கு வலிப்பு வந்து தண்டவாளத்தில் விழுந்தார், எஞ்சின் ஏறியது. வலிப்பு நோய்தானே காரணம் என்று கொம்பனி வாதாடியது. ஆளைக் கொன்றது எஞ்சின் என்றது நீதிமன்றம்.

ஏன் எல்லாம் ஆங்கிலேயர் வழக்காக இருக்கின்றன என்று கேட்பீர்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துக் குடியியல் சட்டக் கட்டளை, ஆயுள், தீக் காப்புறுதி விஷயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தையே இங்கும் பார்க்கச் சொன்னது. அந்தப் பழக்கம் நம்முடைய பாடப்புத்தகங்களில் அப்படியே ஊறிப்போய்விட்டது. குதிரையும் புகையிரத மேடையும் மனதில் நிற்காவிட்டால் நம்முடைய பனையை எடுங்கள். சீவல் தொழிலாளி ஒருவர் பனையிலிருந்து விழுந்து இறக்கிறார். கால் வழுக்கியது என்றால் பிரச்சினையே இல்லை. வட்டுக்குள் இருக்கும்போதே மாரடைப்பு வந்து அங்கேயே உயிர் போய், பிறகு உடல் விழுந்தால்? விபத்து அல்ல. மாரடைப்பு வந்து பிடி தவறி, விழுந்த அடியால் இறந்தால்? லோரன்ஸ் வழக்கின்படி விழுந்ததே காரணம். ஆனால் "நோயால் நேராகவோ மறைமுகமாகவோ ஏற்பட்ட" எதற்கும் பொறுப்பில்லை என்று பொலிசியில் ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். "மறைமுகமாகவோ" என்ற அந்த ஒற்றைச் சொல் எத்தனை குடும்பத்தின் காசைத் தின்றிருக்கும்! விலக்குகள் பகுதியில் அந்தச் சொல்லைக் கண்டால் ஒரு கோடு போடுங்கள்.

பனை என்றதும் தொழில் வகுப்பு ஞாபகம் வருகிறது. விபத்துக் காப்புறுதியில் பிரிமியத்தைத் தீர்மானிப்பது வயதைவிடத் தொழில்தான். வங்கியில் இருப்பவர் ஒரு வகுப்பு, கடை முதலாளி அடுத்தது, மேசனும் லொறிச் சாரதியும் அதற்கு மேல், மரமேறுபவரும் கடலுக்குப் போகிறவரும் உச்சத்தில். சில கொம்பனிகள் அந்த உச்ச வகுப்பை எடுக்கவே மாட்டா. பொலிசி எடுத்த பிறகு தொழில் மாறினால் அறிவிக்க வேண்டும். கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர் ஓய்வுபெற்றுக் குருநகரில் படகு வாங்கிக் கடலுக்குப் போனால், பழைய பிரிமியத்தில் புதிய ஆபத்தைச் சுமக்கக் கொம்பனி உடன்படவில்லை.

விபத்துப் பொலிசியின் நன்மைப் பட்டியல் நேரானது, அதிக நேரம் செலவழிக்காதீர்கள். மரணத்துக்கு முழுத்தொகை. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண் அல்லது இவற்றில் ஏதாவது இரண்டு போனால் முழுத்தொகை. ஒன்று போனால் வழமையாகப் பாதி. இனி எந்த வேலையும் செய்யவே முடியாது என்ற நிரந்தர முழு ஊனத்துக்கு முழுத்தொகை. கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போக முடியாது என்றால் கிழமைக்கு இவ்வளவு, பெரும்பாலும் 104 கிழமை வரை. மரணமோ ஊனமோ விபத்து நடந்து குறித்த காலத்துக்குள், பல பொலிசிகளில் 12 மாதத்துக்குள், நிகழ வேண்டும். கை "போவது" என்றால் வெட்டுப்பட்டது மட்டுமா, இருந்தும் வேலை செய்யாததுமா என்று பொலிசிக்குப் பொலிசி வரைவிலக்கணம் மாறும்.

இப்போது உங்கள் தலையைச் சுற்றவைத்த காத்திருப்புக் காலங்களுக்கு வருவோம். குழப்பத்தின் காரணம் என்னவென்றால், நான்கு வேறு வேறு காலங்களை நாம் எல்லோரும் "காத்திருப்பு" என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். ஒரு கோடு கீறுங்கள். கோட்டின் இடது நுனி பொலிசி தொடங்கிய நாள். அதிலிருந்து முதல் 30 நாள், சில நோய்களுக்கு அதைவிடக் கூட, நோய்க்குக் காசு கிடையாது. நாளைக்கு ஒப்பரேஷன் என்று தெரிந்துகொண்டு இன்றைக்கு ஓடிவந்து பொலிசி எடுப்பவரைத் தடுக்கத்தான் இது. விபத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, ஏனென்றால் நாளைக்கு விழப்போகிறேன் என்று யாருக்கும் தெரியாது. பரீட்சைக்காரர்கள் இந்த ஒரு வரியை வைத்தே பல கேள்வி செய்துவிடுவார்கள்.

அதே இடது நுனியிலிருந்து இன்னும் நீளமாக ஓடுவது இரண்டாவது, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு. பொலிசி எடுக்கும்போதே இருந்த வருத்தத்துக்குச் சில பொலிசிகள் குறித்த வருடங்கள் பொறுக்கச் சொல்லும், சில ஒருபோதும் கொடுக்கா.

மூன்றாவது, பொலிசி தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதே இல்லை. அது ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தொடங்கும். நாட்படிப் பொலிசியில் முதல் இரண்டு நாளுக்குக் காசில்லை என்பதும், கிழமைப் படியில் முதல் ஏழு நாளைக் கழிப்பதும் இந்த வகை. எக்செஸ் என்றால் முதல் பகுதியை நீங்களே சுமப்பது; இதைக் காலத்தால் போடப்பட்ட எக்செஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அப்போது பிறகு குழப்பம் வராது. நான்காவது, கடும்நோய்ப் பொலிசிக்கே உரியது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இத்தனை நாள், வழமையாக 28 அல்லது 30 நாள், உயிரோடு இருக்க வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் அந்தப் பொலிசி நோயோடு வாழப்போகிறவரின் செலவுக்காகச் செய்யப்பட்டது. மரணத்துக்கு ஆயுள் காப்புறுதி வேறாக இருக்கிறது.

காசால் போடப்படும் எக்செஸும் பங்குச் செலுத்தலும் இதோடு வரும். எக்செஸ் என்றால் முதல் இவ்வளவு ரூபா உங்கள் சட்டைப்பையிலிருந்து. பங்குச் செலுத்தல் என்றால் மிச்சத்தில் இத்தனை வீதம் உங்களுடையது. பில் 400,000. எக்செஸ் 25,000 கழித்தால் 375,000. பங்குச் செலுத்தல் 20 வீதம், அது 75,000. கொம்பனியின் கையிலிருந்து 300,000. பொலிசியின் எல்லை 250,000 என்றால் அதோடு நிற்கும், வாடிக்கையாளர் 150,000 கட்ட வேண்டும். சில கேள்விகளில் பங்குச் செலுத்தலை முதலில் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். வரிசை மாறினால் விடையும் மாறும், கேள்வியை வடிவாக வாசியுங்கள். அறை வாடகைக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு என்ற உள் எல்லைகளும் உண்டு. மொத்த எல்லையைப் பார்த்து மகிழ்ந்த வாடிக்கையாளர் டிஸ்சார்ஜ் ஆகிற நேரம் உங்களைத் தேடுவது இந்த உள் எல்லைகளால்தான்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவக் காப்புறுதி விற்கப் போனால் முதலில் கேட்கிற கேள்வி: "பெரியாஸ்பத்திரியில சும்மா பாக்கிறாங்கள், பிறகென்னத்துக்கு?" நியாயமான கேள்விதான். அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. பில் இல்லாத இடத்தில் செலவழிந்த தொகைப் பொலிசி ஒரு சதமும் கொடுக்காது. அதனால்தான் இலங்கையில் பல மருத்துவப் பொலிசிகளில் அரச ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நாட்படியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி சும்மா பார்க்கலாம், ஆனால் கூட நிற்கிறவரின் ஓட்டோக் காசையும், வெளியே எழுதிக்கொடுக்கிற ஸ்கானையும், இழந்த நாட்கூலியையும் யாரும் சும்மா தருவதில்லை. இரண்டாவது கேள்வி, "கனடாவில தம்பி இருக்கிறான்." அதற்கு என்னிடம் கையேட்டு விடை இல்லை, தம்பிக்கும் அங்கே வீட்டுக் கடன் இருக்கும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்.

குழுக் காப்புறுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தலைமைப் பொலிசி, அது தொழில்தருநரின் பெயரில். ஊழியருக்குச் சான்றிதழ் மட்டும். தனித்தனியாக மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் சுகமானவரும் வருத்தக்காரரும் கலந்து வருகிறார்கள். வருத்தம் உள்ளவர் மட்டும் தேடி வந்து சேர்வதைத்தான் பாதகத் தெரிவு என்கிறோம், குழுவில் அந்தப் பயம் குறைவு. அரச ஊழியருக்குத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி இதற்கு உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடிய உதாரணம். 2017இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய சுரக்ஷா இன்னொன்று. அம்மா ஆசிரியையாக இருந்தால் அவரின் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள், அக்ரஹாரக் கழிவு தெரியும்.

சட்டப் பகுதியில் பெரிதாக ஒன்றுமில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் தாய்ச் சட்டம். அதன்கீழ் வந்த காப்புறுதிச் சபை 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆணைக்குழு ஆனது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் நீண்டகாலக் காப்புறுதியையும் (ஆயுள் இந்தப் பக்கம்) பொதுக் காப்புறுதியையும் வேறு வேறு கொம்பனிகளாகப் பிரிக்கச் சொன்னது. விபத்தும் மருத்துவமும் பொதுக் காப்புறுதிப் பக்கம், வழமையாக ஒரு வருட ஒப்பந்தம். ஆயுள் கொம்பனிகள் அதே மருத்துவத்தை ஆயுள் பொலிசியோடு மேலதிக நன்மையாக ஒட்டி விற்கும். வருட ஒப்பந்தம் என்றால் புதுப்பிக்கும் நாளைத் தவறவிடக் கூடாது, விட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். கொம்பனியோடு பிணக்கு வந்தால் போவதற்குக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆனால் நான் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டியது, அதியுயர் நம்பிக்கை. கேட்காவிட்டாலும் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்பது இதன் சாரம். 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பெழுதிய கார்ட்டர் எதிர் போம் வழக்கிலிருந்து வருகிறது, சுமாத்திராவில் இருந்த ஒரு கோட்டைக்குச் செய்த காப்புறுதி பற்றியது. வழக்குப் பெயர் பரீட்சைக்கு. எனக்கு இது புரிந்தது வேறொரு இடத்தில்.

தொழிலுக்கு வந்து இரண்டாம் வருடம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து முன்மொழிவுப் படிவம் நிரப்பினேன். ஐயா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு ஐயா சிரித்துக்கொண்டு, "சீனி கொஞ்சம் கூடத்தான், ஆனா மருந்து ஒண்டும் இல்லைத் தம்பி, கறிவேப்பிலையும் பாவக்காயும்தான்" என்றார். மருந்து இல்லையென்றால் நோய் இல்லை என்று எனக்கு ஒரு கணக்கு. "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டேன். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியில் ஐயாவின் கோப்பைக்கு மட்டும் சீனி இல்லை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போட்டேன். ஒன்றரை வருடத்தில் அவர் காலில் புண்ணோடு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்தார். பழைய கிளினிக் கொப்பியில் ஏழு வருடத்துக் குளுக்கோஸ் அளவுகள் வரிசையாக இருந்தன. கொம்பனி மறுத்துவிட்டது. கொம்பனியில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. கீழே கையெழுத்து ஐயாவுடையது, எழுத்து என்னுடையது.

அந்த நாளிலிருந்து படிவத்தை நான் நிரப்பினாலும், கையெழுத்துக்கு முன் உரத்து முழுக்க வாசித்துக் காட்டாமல் எழும்பியதில்லை. நோய் இருக்கிறதா என்று கேட்பதும் இல்லை. எந்த கிளினிக்குக்குப் போகிறீர்கள், கடைசியாக இரத்தம் எப்போது சோதித்தீர்கள், கொப்பி இருந்தால் கொண்டுவாருங்கள் என்பேன். நோயைச் சொல்லிவிட்டால் கொம்பனி என்ன செய்யும்? கூடுதல் பிரிமியம் கேட்கலாம், அந்த நோயை மட்டும் விலக்கலாம், காத்திருக்கச் சொல்லலாம், ஏற்காமல் விடலாம். நான்கும் பரீட்சையில் வரும்.

சரி, படித்தது நின்றதா என்று பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். கோப்பாயில் ஒரு மேசன் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிகிறது. அவரிடம் மூன்று பொலிசி. விபத்துப் பொலிசியில் கிழமைக்கு 5,000 ரூபா, முதல் கிழமைக்கு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுப் பொலிசியின் எல்லை 300,000, எக்செஸ் 20,000. நாட்படிப் பொலிசியில் எந்த ஆஸ்பத்திரியானாலும் நாளொன்றுக்கு 3,000, முதல் இரண்டு நாளுக்கு இல்லை. பின்னிரண்டையும் அவர் எடுத்து 12 நாள்தான் ஆகிறது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நாள், பில் 180,000. வேலைக்குப் போகாமல் பத்துக் கிழமை.

12 நாள்தானே, காத்திருப்பு முடியவில்லையே என்று நினைத்தீர்களா? விபத்துக்கு அது இல்லை. செலவுப் பொலிசி 160,000 கொடுக்கும். நாட்படி நான்கு நாளுக்கு 12,000. கிழமைப் படி ஒன்பது கிழமைக்கு 45,000. மொத்தம் 217,000. பில்லைவிடக் கூட வந்துவிட்டதே, நட்டஈட்டுக் கோட்பாட்டை மீறவில்லையா? மீறவில்லை. செலவுப் பொலிசி பில்லைத் தாண்டவில்லை, மற்ற இரண்டும் சொன்ன தொகை. அதே மனிதர் பெரியாஸ்பத்திரியில் அதே ஆறு நாள் படுத்திருந்தால் செலவுப் பொலிசி பூச்சியம், நாட்படியும் கிழமைப் படியும் மாறா, மொத்தம் 57,000. இனி விபத்துப் பொலிசியின் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "ஹார்ட்வெயார் கடை ஊழியர்" என்று எழுதியிருந்தார் என்று வையுங்கள். அந்த 45,000க்கு என்ன நடக்கும், யார் அந்தப் படிவத்தை நிரப்பியது என்று எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.